தொடுசுரத்தை மதிப்பிட்ட நாட்கள்

ஜனவரி 5, திங்கள்

நுண்கலைப் புலத்தின் ஆராய்ச்சித் தர மதிப்பீட்டுக் குழுவில் என்னை உள் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். ஏற்பாடுகளும் என் பொறுப்பு. இதுவரை கட்டுரை எழுதியவர்களுக்குத்தான் ஆராய்ச்சி மதிப்பெண். இந்த ஆண்டு முதல் இசையமைப்பு, நாடகம், ஓவியம் எல்லாவற்றையும் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து நான்குவரை தரம் போடப் போகிறார்கள். படைப்பை மட்டும் கொடுத்தால் போதாது. என்ன கேள்வியோடு தொடங்கினோம், எப்படித் தேடினோம், புதிதாக என்ன கண்டோம் என்று ஒரு விளக்கமும் தரவேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எதை எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதில் கலைஞர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பது இந்த விதிகளை எழுதியவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாய்ப்பாட்டுப் பேராசிரியை.

எங்கள் இசைத்துறையிலிருந்து வந்திருப்பது ஒன்றே ஒன்று. துறைத்தலைவர் நம்பிராஜனின் 'தொடுசுரம்' என்ற வீணைப் படைப்பு. அவருடைய பதவிக்காலம் இந்தக் கல்வியாண்டோடு முடிகிறது. மூன்றோ நான்கோ வாங்கினால் நீட்டிப்பு கிடைக்கும். தகவலுக்காக எழுதுகிறேன்.

இவர், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் கையில் ஆதாரம் வேண்டும் என்பார். "எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வச்சிக்கோ அரசி. நாளைக்கு எவனாவது கேட்டா பதில் சொல்லணும்லா" என்றார். அதனால்தான் இந்த எழுத்து.

மிக்ஸி ஜாரில் மறுபடியும் ஒழுகல். சட்னியை அம்மியில் அரைத்தேன்.

ஜனவரி 8, வியாழன்

விதிமுறைகளைச் சொல்ல நம்பிராஜன் சாரின் அறைக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, வீணைக் குடத்தின் மேல் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தூங்க வைக்கிறவர் மாதிரி. முன்பெல்லாம் அவருக்கு இந்த நாடகத்தனம் கிடையாது.

"சார்" என்றேன். திரும்பவில்லை. இன்னும் உரக்க "சார்" என்றேன். அப்போதும் திரும்பவில்லை. துறைத்தலைவர் ஆனபிறகு வந்த பழக்கம் போலிருக்கிறது.

உள்ளே அவருடைய ஆய்வு மாணவி ஜெபசெல்வி இருந்தாள். முப்பத்து நான்கு வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தாய், கணவர் துபாயில். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து போய் அவருடைய தோளைத் தொட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, தொட்டாள். அவர் உடனே திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க மேடம், வாங்க" என்றார்.

எனக்கு யாரைப் பற்றியும் தவறாக நினைக்கும் வழக்கம் இல்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

ஜனவரி 12, திங்கள்

"உங்க ஆராய்ச்சிக் கேள்வி என்ன சார்? விளக்கத்துல அது தெளிவா இல்லையே" என்று நடைபாதையில் வைத்துக் கேட்டேன். பக்கத்தில் நாடகத்துறைப் பிள்ளைகள் பறை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எழுதிக் குடுத்துருங்க மேடம். நான் யோசிச்சு பதில் எழுதுதேன்" என்றார்.

தன் படைப்பைப் பற்றித் தானே பதில் சொல்ல ஒரு மனிதர் எதற்கு யோசிக்க வேண்டும்? எழுதப் போவது யார்?

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

நல்லபடியாகப் பொங்கியது. துறையினர் எல்லாருக்கும் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னேன். நம்பிராஜன் எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் 'பொங்கல் வாழ்த்துகள் மேடம், வெளியில் இருக்கிறேன்' என்று செய்தி மட்டும் வந்தது. கடந்த தீபாவளிக்கும் இதே செய்திதான்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று 'தொடுசுரம்' கேட்டேன்.

அவர் அறையில் பலாமரத்தில் செய்த நீளமான பெஞ்சு ஒன்று. ஒரு முனையில் அதோடு சேர்த்தே ஒரு தாங்கி, அதில் வீணை. வாசிப்பவர் அங்கே உட்காருவார். கேட்பவர்கள் நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பலகையில் ஊன்றிக்கொள்ள வேண்டுமாம். சுரம் மரத்தின் வழியாக ஏறி வருமாம்.

என் முழங்கால் இருக்கிற இருப்பில் அவ்வளவு தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்து எழ முடியாது. நின்றுகொண்டே கேட்டேன். காதுக்குக் கேட்பதுதானே சங்கீதம்.

கேட்ட வரையில், இது நம்பிராஜனின் சங்கீதம் இல்லை. அவருடைய வீணையை இருபது வருடமாகக் கேட்கிறேன். மேல் ஸ்தாயியில் பாதரசம் மாதிரி ஓடும். துறையில் சேர்ந்த புதிதில், அவர் சாதகம் செய்யும் நேரமாகப் பார்த்து என் வகுப்பைப் பக்கத்து அறைக்கு மாற்றிக் கேட்டதுண்டு. அது வேறு விஷயம். இந்தப் படைப்பு கீழ்த் தந்திகளான மந்தரத்தையும் அனுமந்தரத்தையும் விட்டு மேலே வரவே இல்லை. முழுக்கக் கனத்த, மெதுவான, நீண்ட மீட்டுகள். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவருடைய கை இப்படி அடியோடு மாறுமா? வேறொருவர் கையாக இருந்தால் ஒழிய?

ஜெபசெல்வி அவர் முழங்கால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 23, வெள்ளி

கேன்டீனில் ஜெபசெல்வியைப் பிடித்தேன். வடை வாங்கிக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக, "சார் வீணை சுருதி ரொம்பச் சுத்தமா இருக்கே, எப்ப சேக்காரு?" என்று கேட்டேன்.

"நான்தான் மேடம் சேக்கேன்" என்றாள். சொன்ன உடனே முகம் மாறிவிட்டது. "இல்ல... சாருக்கு நேரம் இருக்கதில்ல. மீட்டிங், அது இதுன்னு."

"அப்ப இந்தப் படைப்புல உன் பங்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் சார்தான்."

"சார் ஏன் இப்பல்லாம் கேன்டீன் பக்கம் வாரதில்ல?"

"இங்க சத்தமா இருக்குன்னு..." என்று இழுத்தவள், வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள். வடையைப் பாதியில் வைத்துவிட்டாள்.

சுருதி சேர்ப்பதை இன்னொருவரிடம் விடுகிற வைணிகரை நான் பார்த்ததில்லை. மாணவியின் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் பேராசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். தோசையைப் புரட்டிக்கொண்டே கேட்டுவிட்டு (செவ்வாய்க்கிழமை தோசை இவர் பொறுப்பு), "அவருட்டயே நேரா கேட்டுரேன்" என்றார்.

"கேட்டா உண்மையச் சொல்லவா போறாரு?"

"சரி, அவருக்கு மார்க்கு கொறஞ்சு நீட்டிப்பு கெடைக்கலைன்னா அடுத்து யாரு தலைவர்?"

"பணி மூப்புப்படி யாரோ வருவாங்க."

"யாரோன்னா?"

அந்தப் பேச்சுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டேன். தேங்காய்ச் சட்னியில் உப்பு அதிகம்.

பிப்ரவரி 2, திங்கள்

வரும் 11ஆம் தேதி நேர்முக அமர்வு. வெளியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். குழுத் தலைவர், புதுச்சேரியிலிருந்து ஓவியர், பேராசிரியர் ஹமீதா பானு. மற்றவர் தஞ்சாவூரிலிருந்து நாட்டார் இசை ஆய்வாளர் கோதண்டபாணி.

நம்பிராஜன் என் அறைக்கே வந்து மூன்று கோரிக்கை வைத்தார். அமர்வு அவருடைய அறையில் நடக்க வேண்டும். கேள்விகளை முன்னாலேயே எழுத்தில் தரவேண்டும். ஜெபசெல்வி அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மூன்றையும் மறுத்தேன். எல்லாருக்கும் ஒரே விதி. ஓவியத்துறைக்கும் நாடகத்துறைக்கும் கீழ்த்தளக் கருத்தரங்கக் கூடத்தில் வைத்துவிட்டு, இவருக்கு மட்டும் மாடியில் தனி அறை என்றால் நாளைக்குக் கேள்வி வரும்.

"பெஞ்ச எறக்க முடியாதே மேடம்" என்றார். "நாலு பேரு தூக்கணும். மாடிப்படி திரும்பாது."

"ஒலிப்பதிவு குடுத்திருக்கீங்கள்லா. ஸ்பீக்கர்ல போட்டுருவோம்."

தலைக்கு மேலே ஓடிய ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். "கூடத்துல ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்குமே."

"ஃபேன் எல்லாருக்கும்தான சார் ஓடுது."

"சரி மேடம்" என்று எழுந்து போனார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. எதையோ வைத்துக்கொண்டுதான் இப்படி அடங்கிப் போகிறார்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஜெபசெல்வியின் இருக்கையைக் கூடத்தின் கடைசி வரிசையில் போட்டேன். பார்வையாளர்கள் எல்லாரும் அங்கேதான்.

பிப்ரவரி 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வெயில் கடுமை. கூடத்தில் எட்டு ஃபேனும் முழு வேகத்தில் ஓடின. பதிவை ஸ்பீக்கரில் போட்டோம். கனமான மீட்டுகள் ஃபேன் காற்றில் கரைந்துபோயின. கோதண்டபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹமீதா பானு தலையைச் சாய்த்து, ஏதோ விட்டுப்போனதைத் தேடுகிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அவர்தான் முதலில் கேட்டார். "ரொம்ப வித்தியாசமா இருக்கு சார். இந்தப் பெஞ்சுங்கிற யோசனை உங்களுக்கு எங்கேருந்து வந்தது?"

நம்பிராஜன் முன்னால் குனிந்து அவரையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "பத்தமடைப் பக்கம் ஒரு தோப்புல இருந்து வந்தது. முத்தின பலா. வீணைக்கு எடுக்கிற மரம்தான்" என்றார்.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்திருப்பார்கள். ஹமீதா பானு சிரிக்கவில்லை. கோதண்டபாணி, "மரம் இருக்கட்டும் சார், எண்ணம் யாருடையதுன்னு கேக்கறாங்க" என்றார். அவர் பேசும்போது காகிதத்தைப் பார்த்தே பேசுகிறவர். நம்பிராஜன், "ஆமாமா, ஆமா" என்று தலையாட்டினார்.

அதன்பிறகுதான் நான் கேட்டேன். படைப்பு அவருடையதுதான் என்று உறுதிசெய்து கொள்ளக் குழுவுக்கு உரிமை உண்டு. மேடையில் துறையின் வீணை ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதில் பக்கவாட்டுத் தாளத் தந்திகளில் மிக உச்சமானதைக் காலையில் கொஞ்சம் தளர்த்தியிருந்தேன். "சார், ஒரு சின்ன செய்முறை. இதுக்குச் சுருதி சேர்த்துக் காட்டுங்க" என்று மைக்கில் சொல்லி, கையால் வீணையைக் காட்டினேன்.

போய் உட்கார்ந்தார். குடத்தின் மேல் கன்னத்தை வைத்தார். அனுமந்தரத்தை மீட்டினார், தந்தியை முறுக்கும் பிருடையை ஒரு நூல் திருப்பினார், துல்லியம். மந்தரம் துல்லியம். பஞ்சமம், சாரணி, ஒவ்வொன்றாக வந்தது. பிறகு அந்த உச்சத் தந்தி. மீட்டினார். திருப்பினார். கன்னத்தை இன்னும் அழுத்தினார். மறுபடி திருப்பினார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

தந்தி சேரவில்லை. அரைச் சுரத்துக்கும் அதிகமாக இறங்கிக் கிடந்தது. சங்கீதமே தெரியாத அலுவலக உதவியாளர்கூட முகத்தைச் சுளித்தார். அவருக்கு மட்டும் சேர்ந்திருந்தது.

கடைசி வரிசையில் ஜெபசெல்வி எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு உள்ளங்கையையும் மேலே, மேலே என்று தூக்கிக் காட்டினாள். அவர் கண் கூடமெல்லாம் அவளைத் தேடியது. பின்னால் ஜன்னல் வெளிச்சம். அவள் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

"நன்றி சார்" என்றேன். அதற்கும் அவர் உட்கார்ந்தே இருந்தார். நான் கையைக் காட்டியபிறகுதான் எழுந்தார்.

மதியம் தயிர்ச்சாதம். சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

மதிப்பெண் பேச்சு. கோதண்டபாணி: "படைப்பு இவருதுன்னு எனக்கு நம்பிக்கை வரல." ஒன்று. நானும் ஒன்று. ஹமீதா பானு இரண்டு போட்டுவிட்டு, "எனக்கு மனசு ஒப்பலை. கையெழுத்தை மாசக் கடைசிக்கு வச்சுக்கலாம்" என்றார். தள்ளிப்போடுவதில் அவருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

தலைவலி என்று சொல்லி வகுப்பு எடுக்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

மதியம் மாடிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், பெஞ்சின் அளவைச் சரிபார்க்க. நம்பிராஜன் விடுப்பில் இருந்தார். அறையில் ஜெபசெல்வி மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை மூலையில் வைத்தாள். வணக்கம் சொல்லவில்லை.

"உக்காந்து பாக்கலாமா?" என்றேன்.

அவள் வீணையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊன்றினேன். அனுமந்தரத்தை மீட்டினாள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுரம் காதுக்கு வரும் முன்னால் கைக்கு வந்தது. மணிக்கட்டு, முழங்கை, தோள். பிறகு முதுகெலும்பில் ஏறியது. அடுத்த மீட்டு வேறு இடத்தைத் தொட்டது. நின்று கேட்டபோது ஒரே மாதிரி இருந்த மீட்டுகள் ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வோர் இடத்துக்குப் போயின. சுரவரிசையை அவர் உடம்பின் மேல் எழுதியிருந்தார். என்னையறியாமல் மற்ற கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். அப்போது இன்னும் நன்றாகக் கேட்டது.

நிறுத்தியதும் கேட்டேன். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் ஆயிட்டு மேடம். மேல இருக்கது முதல்ல போச்சு. இப்ப பேச்சே பாதிதான் கேக்கு. வாயப் பாத்துப் புரிஞ்சிக்கிடுவாரு. காதுல மிஷின் வச்சா சுரம் எல்லாம் தகரத்துல தட்டுன மாதிரி இருக்குங்காரு."

"ஏன் சொல்லல?"

"காது கேக்காத ஆள இசைத்துறைத் தலைவரா வச்சிருப்பாங்களா? வகுப்பு எடுக்க விடுவாங்களா?" என்றவள் என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னுதான் சார் நெனச்சிருக்காரு. தெரிஞ்சுதான் கூடத்த மாத்துனீங்கன்னு."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா மேடம்?"

தெரியாது என்றுதான் மறுபடியும் சொன்னேன். அது உண்மை. இந்தப் பக்கங்களை இப்போது முதலிலிருந்து படித்துப் பார்க்கிறேன். கூப்பிட்டது, வாயைப் பார்த்தது, தொலைபேசி, கேன்டீன், ஃபேன். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் தெரியாது.

பிப்ரவரி 17, செவ்வாய்

அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவருடைய மனைவி உள்ளே வரச் சொன்னார், ஆனால் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. நம்பிராஜன் எனக்கு எதிரே, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இதுவும் எனக்கு இன்றுதான் புரிகிறது.

மெதுவாகப் பேசினேன். "குழுகிட்ட உள்ளதச் சொல்லிருங்க சார். அதுதான் உங்க கேள்வி. எப்படித் தேடுனீங்கன்னு கேட்டாங்கள்லா, அதுக்கு இதுதான் பதில். சொன்னா நாலு கெடைக்கும்."

"கெடைக்கும்" என்றார். "பாவம், செவிடன் செஞ்சிருக்கான்னு நாலு போடுவாங்க. எனக்கு அது வேண்டாம் மேடம். கேட்டுட்டு என்ன வேணும்னாலும் போடட்டும். ஒண்ணே போடட்டும். கேக்கவே இல்லையே."

"அப்ப நான் சொல்லட்டுமா?"

"என் காதப் பத்திப் பேச உங்களுக்கு என்ன உரிமை?" குரல் உயர்ந்துவிட்டது. எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்து, கையைத் தாழ்த்திக் காட்டினார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொன்னா தலைவர் நாற்காலி போயிரும். அது யாருக்குப் போவும்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்" என்றேன்.

இந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 18, புதன்

ஹமீதா பானுவிடம் தொலைபேசியில் பேசினேன். நம்பிராஜனின் காதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நாம் படைப்பை மதிப்பிடவில்லை, அதன் பதிவை மட்டும்தான் மதிப்பிட்டோம் என்றேன். படைப்பு மாடியில் இருக்கிறது, அமர்வைக் கீழே மாற்றியது நான் என்றேன். அந்தத் தந்தியைத் தளர்த்தி வைத்ததும் நான் என்றேன். அவருக்கு அடுத்து தலைவராக வரவேண்டியவள் நான், அதனால் இந்தக் குழுவில் இருந்திருக்கவே கூடாது என்றும் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஏன் மேடம் செஞ்சீங்க?"

"வேற யாரோ செஞ்ச படைப்புன்னு சந்தேகம்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றேன்.

"நான் திரும்ப வர்றேன். கோதண்டபாணி சாரையும் கூட்டிட்டு வர்றேன். நீங்க உள்ள வர வேண்டாம்."

பிப்ரவரி 20, வெள்ளி

பதிவாளர் அலுவலகத்தில் குழுவிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்தக் காரணம். குமாஸ்தா, "ஒடம்புக்கு முடியலியா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

வந்தார்கள். நான் மாடி நடைபாதையில், பூட்டிய நூலக அறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல் மாதிரிதான் கேட்டது. எழுந்து போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். செங்கல் சுவர். ஒன்றும் வரவில்லை.

மற்றது ஜெபசெல்வி பிறகு சொன்னது. இந்த முறை அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். கோதண்டபாணி முதலில் பெஞ்சின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாராம். வாசிப்பு முடிந்து வீணை அடங்கிய பிறகும் அவர் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லையாம். "சார், இன்னொரு தடவ" என்றாராம்.

அதற்குப் பிறகு அவர்கள் கேள்வி கேட்க வாய் எடுத்தபோது நம்பிராஜன் தடுத்திருக்கிறார். "முதல்ல மார்க்கப் போட்டுக் கையெழுத்து வைங்க. அப்புறம் கேளுங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்லுதேன்" என்றாராம். இருவருக்கும் திகைப்பு. ஆனாலும் போட்டார்கள். மூன்று. நான்கு போடாததற்குக் காரணம், இந்தத் தேடல் எதிலிருந்து தொடங்கியது என்பது விளக்கத்தில் எங்கேயும் இல்லை.

கையெழுத்தைப் பார்த்துக்கொண்டபிறகு, எதிலிருந்து தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"ஹமீதா மேடம் அழுதுட்டாங்க" என்றாள் ஜெபசெல்வி. "நாலா மாத்துதேன்னு பேனாவ எடுத்தாங்க. சார் விடல. மூணு எனக்குப் போதும், அது நான் வாங்குனதுன்னு சொல்லிட்டாரு."

படி இறங்கி வந்த ஹமீதா பானு என்னைப் பார்த்து நின்றார். ஏதாவது சொல்லுவார் என்று எழுந்து நின்றேன். "கார் எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன்.

மார்ச் 9, திங்கள்

விஷயம் பல்கலைக்கழகம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்று வாங்கியதால் நீட்டிப்புக்குத் தகுதி உண்டு. ஆனால் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, கூட்டங்களையும் தேர்வு வேலைகளையும் இந்த உடல்நிலையில் எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டிருக்கிறது. அவர் சண்டை போடவில்லை. தலைவர் பதவியை விட்டுக்கொடுத்து, வகுப்பை வைத்துக்கொண்டார். தொடுசுரத்துக்குத் தனியாக ஒரு பட்டறை நடத்த அனுமதி வாங்கினார். செவித்திறன் குறைந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து இருபது பேர் பதிவு செய்திருக்கிறார்கள்.

என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வரும் என்று பார்த்தேன். ஹமீதா பானு எழுதவில்லை. ஜெபசெல்வி எழுதவில்லை. நம்பிராஜனும் எழுதவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எதற்காகவும் காத்திருக்கவில்லையோ என்னவோ.

மார்ச் 16, திங்கள்

துறைத்தலைவர் நியமன ஆணை வந்தது.

இவர் படித்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "ஏத்துக்கிடப் போறியா?"

"வேற யாரு இருக்கா?"

"இல்லன்னு சொல்லலாம்லா."

நான் இல்லை என்றால் வெளித்துறையிலிருந்து ஒருவரைப் போடுவார்கள். அவர்கள் பட்டறையை நிறுத்திவிடலாம். இப்படியெல்லாம் காரணம் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சரியான காரணங்கள்தான்.

ஏற்றுக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

முதல் துறைக் கூட்டம். ஃபேன்களை நிறுத்தச் சொல்லியிருந்தேன். எல்லாருக்கும் வியர்த்தது. நம்பிராஜன் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். காதில் மிஷின் தெரிந்தது. ஜெபசெல்வி அவர் பக்கத்தில்.

தேர்வுத் தேதி, பாடத்திட்டம் என்று பேசத் தொடங்கினேன். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, அவரைப் பார்த்தே பேசினேன். அவருக்காகத்தான் இவ்வளவு பாடும் என்று அவருக்குத் தெரியவேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் நெற்றி சுருங்கியது. இன்னும் உரக்கப் பேசினேன். இன்னும் சுருங்கியது. வேண்டுமென்றே செய்கிறாரா என்று ஒரு கணம் தோன்றியது.

"மேடம்" என்றார்.

நிறுத்தினேன்.

"கைய எடுத்துட்டுப் பேசுங்க. வாய் தெரியல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வலது கை உதட்டின் மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. பேசும்போது எனக்கு இந்தப் பழக்கம் உண்டு என்பதை இந்த ஐம்பத்து மூன்று வயதுவரை யாரும் சொன்னதில்லை.

கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். வெறும் வாயோடு அவர் முன்னால் பேசுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.